அண்ணனின் வலது கை

என் அண்ணனின் வலது கையை நான் உடைத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க்கில் ஒரு விதமாகவும் ரண்டர்ஸில் வேறு விதமாகவும் ஓடுகிறது. விளையாட்டில் தவறுதலாகப் பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் குடித்திருந்தேன் என்று சிலர். இரண்டும் பொய். பகல் மூன்று மணி, நல்ல வெயில், சுற்றிவர சனம். பார்த்து, குறிவைத்து, மூன்று தரம் அடித்தேன்.

அண்ணனை ‘அவர்’ என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். இங்கே ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்தலாம்.

பிரச்சினை ஒரு வீடு. யாழ்ப்பாணத்தில், நாலு அறையும் ஒரு கிணறும் உள்ள சாதாரண வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். அம்மாவுக்கு அந்த வீடு சீதனமாக வந்தது. அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போக வேண்டும். ஆனால் அக்கா கலியாணம் கட்டியது வன்னியில். போரால் பாதை பூட்டியிருந்தது, உறுதிப்பத்திரம் எழுத அவளால் வர முடியவில்லை. அம்மாவுக்கு நோய் முற்றியது. தான் செத்தால் வீடு யார் கைக்குப் போகுமோ என்ற பயத்தில், டென்மார்க்கில் இருந்த எங்கள் இரண்டு பேர் பெயரிலும் உறுதியை எழுதினாள். “அவள் வந்தவுடன மாத்திக் குடுத்திடுங்கோ” என்று ரெலிபோனில் சொன்னாள். அண்ணனும் நானும் ஓம் என்றோம்.

அக்கா வரவில்லை. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து அக்காவும் அத்தானும் ஒரே பங்கருக்குள் செத்தார்கள். அவர்களுடைய மகள் மட்டும் தப்பினாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அத்தானின் தங்கச்சி அவளைக் கொண்டுவந்து அந்த வீட்டில் வைத்து வளர்த்தாள், பிறகு கனடா போய்விட்டாள். இப்போது அந்தப் பிள்ளை, என் மருமகள், அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அவளுக்கு வேறு இடம் கிடையாது.

அண்ணன் அந்த வீட்டை விற்க வேண்டும் என்றான். அவனுடைய மகனுக்கு ஆர்ஹூஸில் பிளாட் வாங்க வேண்டுமாம். விற்பதற்கு என் கையெழுத்து வேண்டும். நான் போட மாட்டேன் என்றேன். வீட்டை மருமகளுக்கு எழுத அவனுடைய கையெழுத்து வேண்டும். அவன் போட மாட்டேன் என்றான். நாலு வருடம் இப்படியே போனது.

அந்த நாலு வருடமும் புதன்கிழமை பின்னேரங்களில் அவனும் நானும் ஒரே காரில்தான் போய்வந்தோம். எங்கே? அடிபடுவதற்கு. சில்க்போர்க்கின் ஓரத்தில் பழைய தொழிற்சாலை மண்டபம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சங்கம். இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி, இரும்புக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, கூர் மழுக்கிய வாளாலும் கோடாரியாலும் உண்மையாகவே அடித்துக்கொள்வார்கள். முப்பது கிலோ இரும்பு. தச்சன், பல் வைத்தியர், பால் பண்ணைக்காரன் என்று எல்லாரும் டெனிஷ்காரர், நாங்கள் இரண்டு பேர்தான் கறுப்பு. ஒருதரம் என் விலா எலும்பு வெடித்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஏன் போகிறாய் என்று மனைவி கேட்பாள். அடிக்கிறதும் அடிவாங்குகிறதும் எனக்குப் பிடிக்கும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அண்ணன் பஸ் ஓட்டுகிறான். நான் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வரிசையில் நின்று கத்தி பிடிக்கிற வேலை. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கத்தி, காதில் சத்தத்தை அடைக்கிற மூடி. அந்த மூடியோடு போனைப் பொருத்தலாம். மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள். நான் பிரான்ஸ், இங்கிலாந்து அரசர்களின் வரலாறு கேட்பேன். நூலகத்தில் டெனிஷ் மொழியில் ஒலிநூல்கள் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் ஒரு அரச பரம்பரை முடியும்.

அந்த அரசர்களைப் பற்றி மரியாதையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாரும் சொந்தக்காரர். ஒருவனுடைய தாய் மற்றவனுடைய அத்தை. கலியாணம் கட்டுவது, பெண் கொடுப்பது, பிறகு வெட்டுவது. பைத்தியம் பிடித்த ஒரு பிரெஞ்சு அரசனின் தம்பியை, அவர்களுடைய சித்தப்பா மகன் பாரிஸ் தெருவில் ஆள் வைத்து வெட்டுவித்தான். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தச் சித்தப்பா மகனைச் சமாதானம் பேச வா என்று ஒரு பாலத்துக்குக் கூப்பிட்டு, கோடாரியால் மண்டையில் கொத்தினார்கள். இங்கிலாந்தில் ஒரு சித்தப்பன் செத்துப்போன அண்ணனுடைய இரண்டு பையன்களையும் கோட்டைக்குள் வைத்தான். பிறகு அந்தப் பிள்ளைகளை யாரும் காணவில்லை. சித்தப்பன் முடி சூடிக்கொண்டான். பிரான்சில் ராணியாக இருந்து ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி வந்த ஒருத்தியை, சொந்தக்காரியான இங்கிலாந்து ராணி பத்தொன்பது வருடம் அடைத்து வைத்துவிட்டுத் தலையை வெட்டுவித்தாள். முதல் வெட்டுக் கழுத்தில் விழவில்லை, பின்மண்டையில் விழுந்தது. இரண்டாவது வெட்டும் முழுக்க அறுக்கவில்லை. என் வரிசையில் ஒருவன் அப்படி வெட்டினால் அன்றைக்கே அவனை வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். பன்றிக்குக் கிடைக்கிற கவனம்கூட அந்த மனுசிக்குக் கிடைக்கவில்லை.

போன வருடம் கோடைகாலத் திருவிழாவுக்கு எங்கள் சங்கம் ஒரு பெரிய சண்டையை நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் சேற்றில் அடிபட்ட சண்டை. எங்கள் பயிற்சியாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவர், நல்ல மனுசன். எங்களை உட்காரவைத்து விளக்கம் சொன்னார். பிரெஞ்சு அரச குடும்பத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக ஆண்டு, ஆண்வாரிசு இல்லாமல் செத்தார்கள். அவர்களுடைய சகோதரியை இங்கிலாந்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய மகன் இங்கிலாந்து அரசன். ‘என் தாயின் வீடு, எனக்குத்தான் வர வேண்டும்’ என்று அவன் கேட்டான். பெண் வழியில் முடி போகாது என்று பிரெஞ்சுப் பிரபுக்கள் சொல்லிவிட்டு, சித்தப்பா மகனைக் கூட்டிவந்து உட்கார்த்தினார்கள். அதிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் சண்டை. நாங்கள் நடிக்கப்போவது அந்த இங்கிலாந்து அரசனுடைய கொள்ளுப்பேரன் காலத்துச் சண்டை.

டெனிஷ்காரர் கொட்டாவி விட்டார்கள். அண்ணனும் நானும் விடவில்லை.

“பிரெஞ்சுக்காரர் செய்தது நியாயம்” என்று அண்ணன் டெனிஷில் சொன்னான்.

“நியாயம் இல்லை. களவு” என்று நான் சொன்னேன்.

பயிற்சியாளருக்குப் பெரிய சந்தோஷம். இந்த இரண்டு பேரையும் போல என் மாணவர்கள் இருந்தால் எவ்வளவு நல்லது என்றார். ‘அப்படியானால் நீ இங்கிலாந்து, நீ பிரான்ஸ்’ என்று எங்களைப் பிரித்துவிட்டார். மனுசனுக்கு என்ன தெரியும்?

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் இருந்தான்.

“பொம்பிளை வழியில ராச்சியம் போனால் கடைசியில எவன்ர கையில நிக்கும்?” என்றான். “வெளியில இருந்து வந்து கட்டினவன்ர கையில.”

“எங்கட அப்பாவும் வெளியில இருந்து வந்து கட்டினவர்தானே அண்ணை. அம்மான்ர சீதன வீட்டிலதானே நீங்களும் நானும் பிறந்தனாங்கள்?”

“அது வேற.”

“என்ன வேற?”

“உறுதி எங்கட பேரில கிடக்கு. உறுதிதான் கதைக்கும், வாய் கதைக்காது.”

“வாயாலதானே அம்மாவுக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்?”

“நீ பெரிய இங்கிலாந்து ராசா. ரோட்டைப் பாத்து ஓட்டடா.”

எங்கள் சங்கத்தில் சில விதிகள் உண்டு. குத்தக்கூடாது. பிடரியில் அடிக்கக்கூடாது. முழங்காலுக்குப் பின்னால் அடிக்கக்கூடாது. விழுந்தவனை அடிக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு, அது பயிற்சியாளர் கொண்டுவந்த பழைய வழக்கம். தோற்றவன் தன்னுடைய வலது கை உறையைக் கழற்றி வென்றவனிடம் கொடுத்தால், அவன் சரணடைந்து வாக்குக் கொடுத்துவிட்டான் என்று பொருள். அதற்குப் பிறகு அவனைத் தொடக்கூடாது. அந்தக் காலத்துப் பிரபுக்கள் அப்படித்தான் பிடிபடுவார்களாம். ஆறு வருடத்தில் இந்த விதியை யாரும் மீறியதை நான் பார்க்கவில்லை. மருந்துக்கடையில் நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருப்பதுபோல டெனிஷ்காரர் இதையும் ஒழுங்காகச் செய்வார்கள்.

திருவிழா அன்று காலையில் மருமகள் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“மாமா, ஆரோ ஒராள் வந்து அளவு நாடா பிடிச்சு அறையெல்லாம் அளந்தவர். பெரிய மாமா அனுப்பினவராம். வாற மாசம் என்னை வீட்டை விட்டு எழும்பட்டாம். நீங்க கையெழுத்துப் போட்டிட்டீங்களோ? போட்டதெண்டால் சொல்லுங்கோ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். எங்க போறதெண்டுதான் தெரியேல்ல.”

நான் போடவில்லை என்று பதில் அனுப்பினேன். கூடாரத்துக்குள் போனேன். அண்ணன் காலில் இரும்பு கட்டிக்கொண்டிருந்தான்.

“ஆளை விட்டு வீட்டை அளந்தனீங்களோ?”

“ஓம். அளந்தால் என்ன?”

“நான் கையெழுத்துப் போடேல்ல.”

“போடுவாய். எவ்வளவு நாளைக்குத்தான் முறுகிக்கொண்டு நிப்பாய்? அவள் தானே எழும்பிப் போனால் உனக்கும் பிடிவாதம் போயிடும்.”

“அவள் அக்கான்ர பிள்ளை.”

“எனக்கும் தங்கச்சிதானே. நீ மட்டும் அழுதனி எண்டு நினைக்காத.” பட்டியை இறுக்கினான். “இந்தா, பின்னால கொளுவி விடு, எனக்கு எட்டேல்ல.”

கொளுவி விட்டேன். அவனுடைய முதுகில் இரும்பை நானேதான் பூட்டினேன்.

மைதானத்தில் தண்ணீர் அடித்துச் சேறாக்கியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே குடும்பங்கள், குழந்தை வண்டிகள், கையில் சொசேஜும் ஐஸ்கிரீமும். ஒலிபெருக்கியில் ஒருவன் டெனிஷில் வர்ணனை செய்தான். முதலில் எங்கள் பக்கத்து வில்லாளிகள் ரப்பர் முனை அம்பு விட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் வரிசையாகச் சேற்றுக்குள் இறங்கி வந்தார்கள். முழங்கால்வரை புதைந்தது. நான் என் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. நேராக அண்ணனிடம் போனேன். நீல நிறத் துணியில் மஞ்சள் பூப் போட்டிருந்தான், தூரத்திலேயே தெரிந்தது.

என் கையில் நீளப்பிடிக் கோடாரி. முதல் அடி அவனுடைய தோளில். அவன் வாளால் என் தொப்பியில் அடித்தான். தொப்பிக்குள் கோயில் மணிக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. வாயில் இரத்தம் வந்தது. விழுங்கினேன். இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது தொடையில். அவன் இருமினான். இரும்புத் தொப்பிக்குள் இருமல் வாளிக்குள் இருமுவதுபோலக் கேட்கும்.

“கையெழுத்துப் போடு” என்றேன்.

“என்னடா, நீ எண்டு கதைக்கிறாய்?”

“போடு.”

“பைத்தியமே உனக்கு? சனம் பாக்குதடா.”

கோடாரிப் பிடியால் அவனுடைய முகமூடியில் இடித்தேன். அவன் தலையால் என் நெஞ்சில் முட்டினான். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவன் கீழே, நான் மேலே. என் இரண்டு முழங்காலும் அவனுடைய நெஞ்சில். கோடாரிப் பிடியைத் தொண்டைத் தகட்டில் குறுக்காக வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டேன். விதிப்படி விழுந்தவனைத் தொடக்கூடாது. தொட்டேன்.

“சொல்லு. வீடு அவளுக்கு.”

“மூச்சு… விடடா…”

“சொல்லு.”

“ஓம். ஓம். எழுதிக் குடுக்கிறன். விடு.”

வலது கை உறையைக் கழற்றி என் கையில் திணித்தான். எடுத்தேன். எழும்பி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. நாலு வருடம் முடிந்தது, காலையில் கேட்டவளுக்குப் பின்னேரம் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சண்டை அடங்கியது. கைதிகளை நிலத்தில் கிடந்த ஒரு வேலிக் கட்டைக்கு முன்னால் முழங்காலில் இருத்தினோம். ஏழு பேர். அடுத்து நடக்க வேண்டியதை எல்லாரும் ஒத்திகை பார்த்திருந்தோம். பின்னால் இருக்கிற பிரெஞ்சுப் படை திரும்பவும் வருகிறது என்று இங்கிலாந்து அரசனுக்குப் பயம் பிடிக்கிறது. கைதிகளையெல்லாம் கொல் என்கிறான். வாக்குக் கொடுத்துச் சரணடைந்தவர்களை. அந்தக் காலத்தில் பிரபுக்கள் தயங்கினார்களாம், வில்லாளிகளை விட்டுச் செய்வித்தானாம். எங்களிடம் ஆள் காணாது. ஆகவே பிடித்தவனே தன் கைதியைக் கொல்ல வேண்டும். மழுக்கிய குத்துவாளைத் தொண்டையில் வைத்தால், கைதி கழுத்துக்குள் மறைத்து வைத்திருக்கிற சாயப் பையைத் தானே அமத்துவான்.

அண்ணன் முகமூடியை மேலே தூக்கினான். வேர்வையும் சேறும். மூச்சு வாங்கியது. சிரித்தான்.

“என்னடா, வீடு கிடைச்சிட்டுதோ ராசா?”

“வாக்குக் குடுத்தனீ.”

“இது விளையாட்டடா. கையுறையைக் காட்டி நொத்தாரிசிட்ட உறுதி எழுதப்போறியோ? சங்கத்தில சொல்லு, பாப்பம். கெதியாக் கொல்லு, எனக்கு முழங்கால் நோகுது.”

எழும்புவதற்கு வேலிக் கட்டையில் வலது கையை ஊன்றினான். உறை இல்லாத கை. மோதிரம் போட்ட கை. கையெழுத்துப் போட வேண்டிய கை.

கோடாரியைத் திருப்பிப் பிடித்தேன். மறுபக்கம் சுத்தியல் மாதிரி இருக்கும். முதல் அடியில் அவன் கத்தவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், காது மூடியையும் தாண்டி ஒவ்வொரு நாளும் கேட்கிற சத்தம். கையை இழுக்கப் பார்த்தான். இடது காலால் அவனுடைய மணிக்கட்டை மிதித்துக்கொண்டு மூன்றாவது அடி அடித்தேன். மூன்றாவதுதான் எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. அப்போது எனக்குக் கோபமே இல்லை. வேலையில் நிற்பதுபோல அமைதியாக இருந்தது.

“கை! கை! ஐயோ, என்ர கை!” என்று கத்தினான். சனத்துக்குத் தமிழ் தெரியாது. கை தட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரன் ‘இவ்வளவு உண்மையாக எந்தத் திருவிழாவிலும் பார்க்க முடியாது’ என்றான். பக்கத்தில் முழங்காலில் இருந்த பல் வைத்தியர்தான் முதலில் பார்த்தார். அண்ணனின் கையிலிருந்து வந்தது சாயத்தின் நிறம் இல்லை. அவர் தன் கழுத்தில் இருந்த பையை அமத்தாமல் எழும்பி ஓடிவந்து என்னைக் கீழே தள்ளினார். அதற்கும் கை தட்டினார்கள்.

அம்புலன்ஸ் வந்தது. பயிற்சியாளர் என்னுடைய தோளைப் பிடித்து, “தவறுதலாகப் பட்டதுதானே?” என்று கேட்டார். முகம் வெள்ளையாக இருந்தது. நான் ஆம் என்றேன். ஆஸ்பத்திரியில் அண்ணனும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். நான் அதை நல்ல மனது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அண்ணி வீட்டுக்கு வந்தபோது ஏன் அப்படிச் சொன்னான் என்று விளங்கியது.

அண்ணி சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றா. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

“இரண்டு தரம் ஒப்பரேசன் செய்தாச்சு தம்பி. இரண்டு விரல் மடங்காதாம். பஸ் ஓட்டேலாது.”

“தெரியும் அண்ணி.”

“அவர் பொலிசுக்கு ஒண்டும் சொல்லேல்ல. சொல்லவும் மாட்டார். இதில கையெழுத்துப் போடுங்கோ.”

வீடு விற்க அவனுக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம். என்னுடைய பெயர் ஏற்கெனவே தட்டெழுத்தில் இருந்தது.

“போடாட்டி?”

“போடாட்டி நடந்ததைச் சொல்லுவார். மிதிச்சு வைச்சு அடிச்சனீங்களாம். வீடியோவும் கிடக்காம், ஆரோ எடுத்தவையாம்.” அண்ணியின் கண் கலங்கியது. “என்ன மனுசன் நீங்க? கூடப்பிறந்தவனை.”

கோப்பை வாங்கி மேசையில் வைத்தேன். அவ போனபிறகு மருமகளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன்.

“ஆர் மாமா உங்களை அடிக்கச் சொன்னது?” என்றாள்.

“ஒருத்தரும் சொல்லேல்ல.”

“நான் கேட்டனானோ? பெரிய மாமான்ர கையை உடைச்சு எனக்கு வீடு எடுத்துத் தாங்கோ எண்டு கேட்டனானோ?”

“இல்லை.”

“கையெழுத்தைப் போட்டிடுங்கோ. நீங்க சிறைக்குப் போக வேண்டாம்.”

“போட்டால் நீ எங்க போவாய்?”

“ஒரு அறை எடுப்பன். ஆக்கள் இருக்கினம்தானே.” அவளுக்கு ஆட்கள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் பொலிஸ், திருவிழாவில் நடந்த விபத்தா என்று கேட்டாள். விபத்து இல்லை என்றேன். பிறகு ஒரு அறைக்குள் கூட்டிப்போய்த் திரும்பவும் கேட்டாள். அவர் சரணடைந்த பிறகா அடித்தீர்கள்? ஆம். எத்தனை தரம்? மூன்று. ஏன் கையில்? அந்தக் கேள்விக்கு டெனிஷில் பதில் சொல்ல எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. சீதனம் என்பதை விளங்கப்படுத்தினேன், வன்னி, உறுதி எல்லாம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில், “அப்படியானால் வீட்டுக்காக அடித்தது அவரா, நீங்களா?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமலே அண்ணிக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

சிறைத்தண்டனை கொடுத்து, அதை நிறுத்திவைத்தார்கள். பதிலுக்குச் சம்பளம் இல்லாமல் சமூகவேலை. பழைய சாமான் கடை ஒன்றில் சனிக்கிழமைகளில் அலுமாரி தூக்கினேன். சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பயிற்சியாளர் கடிதம் எழுதவில்லை, நேரில் வந்து சொன்னார். அதற்கு அவருக்கு நன்றி. வழக்கு நடந்த அன்று நீதிமன்ற நடையில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றான். இடது கையில் கோப்பி. வலது கை கறுப்புப் பட்டிக்குள்.

“இப்ப சரியோ? வீடு கிடைச்சுதோ?” என்றான்.

“நீங்க விக்கவும் ஏலாது.”

“நீ எழுதிக் குடுக்கவும் ஏலாது.”

அவன் சொன்னது பிழை. அடுத்த மாதம் மருமகள் உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரிடம் போய், என்னைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். வயதான குரல், அவசரம் இல்லாத ஆள்.

“தம்பி, உங்கட பாதி உங்களுக்குச் சொந்தம்தானே? அதை அந்தப் பிள்ளைக்கு நன்கொடை உறுதியா எழுதலாமே. அதுக்கு அண்ணையின்ர கையெழுத்துத் தேவையில்லை.”

“பாதி வீட்டைக் குடுத்து என்ன செய்யிறது ஐயா? பாதி வீடும் ஒரு சீதனமோ?”

“சீதனத்தை விடுங்கோ. பாதிக்கு உரிமைக்காரி உள்ளுக்க குடியிருக்கேக்க மற்றப் பாதியை எந்த விசரன் வாங்குவான்? அண்ணை பிரிச்சுத் தரச் சொல்லி வழக்குப் போடலாம். போட்டால் உங்கட காலம் முடியும், அவற்ற காலமும் முடியும், வழக்கு முடியாது.” சிரித்தார். பிறகு, “இதை நீங்க நாலு வருசத்துக்கு முந்தியே செய்திருக்கலாம். ஏன் செய்யேல்ல?” என்று கேட்டார்.

யோசிக்கவில்லை ஐயா என்று சொன்னேன். அது பொய். யோசித்திருக்கிறேன். வரிசையில் கத்தி பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒன்றிரண்டு தரம் இந்த நினைப்பு வந்திருக்கிறது. அரைவாசி வீட்டோடு அக்காவின் மகள் நின்றால் சனம் சிரிக்கும் என்று தள்ளிவிட்டேன். எங்கள் ஆட்களுக்குச் சீதனம் என்றால் முழுதாக வேண்டும். அதுகூட முழு உண்மை இல்லை. பாதியைக் கொடுத்திருந்தால் சண்டை அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு அது காணாது. அண்ணன் முழங்காலில் இருந்து ‘நான் பிழை, நீ சரி’ என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மருமகளின் கூரையை அதற்காக நாலு வருடம் அந்தரத்தில் வைத்திருந்தேன்.

என் பாதிக்கான நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தூதரகத்துக்குப் போய் முத்திரை குத்தி அனுப்பினேன். ஒரு பின்னேரம் வேலை. மருமகள் இப்போது கிணற்றுப் பக்கத்து இரண்டு அறையிலும் இருக்கிறாள். தெருப் பக்கத்து அறைகள் இரண்டையும் பெரிய மாமாவின் பங்கு என்று பூட்டி வைத்திருக்கிறாளாம். பூட்ட வேண்டாம், எல்லா அறையிலும் இரு என்று சொன்னேன். கேட்கவில்லை. சாவி கேட்டால் கொடுப்பாளாம். அவன் இன்னும் கேட்கவில்லை.

நானும் இன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.